தேயாத செருப்பு

நான் மேலத்தெருக்காரி. அதை முதல்லயே சொல்லிடுறேன், ஏன்னா இந்தக் கதையில எங்க தெருவுக்கு நல்லா மூக்குடையப் போகுது, அதைக் கேட்டுட்டு "வேத்தாளு யாரோ வயித்தெரிச்சல்ல இட்டுக்கட்டிச் சொல்லுதா"ன்னு யாரும் கிளம்பிரக் கூடாது. பேரு சண்முகவடிவு. சிறுமணலூர் மேலத்தெருவுல பச்சை பெயிண்ட் அடிச்ச இரும்புக் கேட்டு வீடு எங்களது. எங்கப்பா ஆவுடையப்பனுக்கு ஊருக்குள்ள ஒரு தனிப் பேரு உண்டு. ஒரு ஆளு நடந்து வர்ற நடையைப் பாத்தே அவன் எந்த ஊரு, எந்தத் தெரு, யாரு வகையறான்னு பட்டுன்னு சொல்லிருவாரு. வாடகைக்கு வீடு கேட்டு வெளியூர் ஆளு வந்தா, எங்கப்பாவை ஒரு சேர் போட்டு வாசல்ல உக்கார வச்சிட்டுத்தான் பேச்சையே ஆரம்பிப்பாங்க. அதுல அவருக்கு அம்புட்டுப் பெருமை.

எங்க தெரு முக்குல ஒரு புங்கமரம் நிக்கி. தெரு நடுவுல குடிதண்ணி வால்வு. பஞ்சாயத்து டேங்க் ஆபரேட்டர் உச்சிமாகாளி தினமும் காலையில ஆறரை மணிக்கு வருவாரு, புங்கமரத்துல சைக்கிளைச் சாத்துவாரு, செருப்பைக் கழத்தி மரத்தடியில ஜோடியா வைப்பாரு, வெறுங்காலோட முன்னூறு அடி நடந்து வந்து வால்வைத் திறப்பாரு, அதே வெறுங்காலோட திரும்பிப் போவாரு. மழைன்னாலும் அப்படித்தான், வெயிலுன்னாலும் அப்படித்தான், கார்த்திகை மாசச் சகதியில முள்ளு ஏறுனாலும் அப்படித்தான், இருபத்தாறு வருஷமா அப்படித்தான். கீழத்தெரு ஆளுங்க எங்க தெருவுல செருப்பு போட்டு நடக்கக் கூடாதுன்னு எந்தப் புஸ்தகத்துலயும் எழுதி வைக்கல, யாரும் வாய்விட்டுச் சொன்னதும் இல்ல. புங்கமரத்தடிக்கு வந்தா காலு தானா செருப்பை விட்டுரும், அம்புட்டுத்தான். எங்கப்பாவை விட அஞ்சு வயசு மூத்த மனுசனை, பத்தொம்பது வயசுக்காரி நான், மாடியில நின்னுக்கிட்டு "ஏ உச்சி, தண்ணி இன்னும் வரல"ன்னு கத்துவேன். ஒரு நாளாவது அவரு காலைப் பாத்திருக்கேனான்னா, இல்ல. சொல்ல வெக்கமா இருக்கு, ஆனா நெசம் அதுதான்.

அவரு மக மாரிச்செல்வி என்கூட டவுன் காலேஜ்ல பி.ஏ. வரலாறு மூணாம் வருஷம் படிச்சா. எங்க தெருவோட அந்தக் கடைசியிலதான் பஸ் ஸ்டாப். தெருவுக்குள்ள வந்தா அஞ்சு நிமிஷ நடை. அவ தினமும் குளத்தங்கரை வழியா ஊரைச் சுத்தி அரை மணி நேரம் நடந்து வருவா. அவளுக்கு நடக்கப் பிடிக்கும் போலன்னு மூணு வருஷமா நெனச்சுக்கிட்டு இருந்தவ நான்.

அந்த ஜூலை முப்பதாம் தேதி உச்சிமாகாளி ரிட்டயர் ஆகணும். மாரிச்செல்விக்கு ஒரே ஒரு ஆசைதான் இருந்துச்சு. அதுக்குள்ள அவங்க அப்பா ஒரு நாளாவது மேலத்தெருவுல செருப்புக் காலோட நடந்துரணும். கெஞ்சிப் பாத்தா, அழுது பாத்தா, "நீங்க ஒரு நாளு வால்வைத் திறக்காம விட்டா அவங்களுக்குத் தெரியும் சேதி"ன்னு கோவமாவும் சொல்லிப் பாத்தா. அவரு சொன்ன பதில் இது: "தண்ணிய வச்சு மனுசனை மிரட்டக் கூடாது தாயி. இன்னும் கொஞ்ச நாளு. சும்மா கெட."

சும்மா கெடக்குற பொண்ணா அவ? எங்க துறையில ரெஜினா மேடம் வருஷா வருஷம் ஒரு கண்காட்சி வைக்கச் சொல்லுவாங்க. மத்தவங்க எல்லாம் பழைய காசு, ஓலைச்சுவடின்னு யோசிச்சுக்கிட்டு இருந்தப்ப, மாரிச்செல்வி பூட்டிக் கெடந்த பழைய கெமிஸ்ட்ரி லேப் சாவியை வாங்கி, மூங்கிலும் அட்டைப்பெட்டியும் பழைய சேலையும் வச்சு உள்ள ஒரு ஊரையே கட்டிப்புட்டா. வாசல்ல "நடந்து பாரு"ன்னு எழுதி ஒட்டுனா. நீ உள்ள நுழையும்போது ஒரு சீட்டு எடுக்கணும், சீட்டுல ஒரு தெருப் பேரு இருக்கும், அப்புறம் வெளிய வர்ற வரைக்கும் நீ அந்தத் தெரு ஆளு.

எனக்குக் கீழத்தெரு வந்துச்சு. முதல்ல ஒரு டீக்கடை, எனக்கு முன்னாடி போன சீனியர் அக்காவுக்குக் கண்ணாடி கிளாஸ், எனக்குப் பேப்பர் கப்பு. அடுத்தது ஒரு வாடகை வீடு, வாசல்ல ஒரு பையன் சிரிச்ச மொகமா நின்னு "சொந்த ஊரு எது? சிறுமணலூரா, சந்தோசம். சிறுமணலூர்ல எந்தப் பக்கம்?"னு கேட்டுட்டு, என் சீட்டைப் பாத்ததும் "நேத்துதான் ஆளு வந்துட்டாங்க"ன்னான். கடைசியா ஒரு தெரு. தெரு முக்குல காகிதத்துல செஞ்ச புங்கமரம். செருப்பைக் கழத்துன்னு அங்க யாரும் சொல்லல, போர்டும் இல்ல. ரெண்டு பேரு நின்னு என் காலையே பாத்துக்கிட்டு இருந்தாங்க, நான் கழத்துற வரைக்கும் கண்ணை எடுக்கல. தகரக் கூரைக்கு அடியில காய்ஞ்ச மணலைப் பரப்பி வச்சிருந்தா, காலு கொதிச்சுப்போச்சு. முப்பது அடி நடந்து போனா ஒரு பழைய வால்வு, அதுக்கு மேல ஒரு ஸ்பீக்கர். அதுல ஒரு பொம்பளைப்பிள்ளைக் குரல், "ஏ உச்சி, தண்ணி இன்னும் வரல"ன்னுச்சு. குரல் மாரிச்செல்வியோடது. வார்த்தை என்னோடது.

நான் வெளிய வந்து வேப்பமரத்தடியில உக்காந்துட்டேன். மாரிச்செல்வி ஒரு பாட்டில் தண்ணி கொண்டாந்து நீட்டுனா.

"கோவமா வடிவு?"

"ஏன் ஏங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல?"

"எத்தனை தடவைட்டி சொல்றது? தினமும் நீ பாக்குற மாதிரிதான எங்கப்பா செருப்பைக் கழத்தி வைக்காவ. வாங்கி ஏழு வருஷம் ஆச்சு, சைக்கிள் மிதிக்கத்தான் போடுதாவ, அடியில பூப்போட்ட அச்சு இன்னும் அழியல. நீயே எடுத்துப் பாரு."

எனக்கு அழுகை வந்துச்சு. அவளுக்கு வரல. அவ அதையெல்லாம் எப்பவோ அழுது முடிச்சுட்டா போல.

கண்காட்சியோட மூணாவது நாளு, ஜூலை பதினெட்டு, மத்தியானம் மூணு மணிக்கு, கண்காட்சி முடிஞ்சுதான் எடுக்கணும்னு மாரிச்செல்வி சொல்லியிருந்ததால அந்தக் காகிதப் புங்கமரத்தடியில மூணு நாளாச் சேந்து கெடந்த இருநூத்திப் பதினேழு ஜோடி செருப்பும் எந்திரிச்சு நடந்துச்சு. ரப்பர் செருப்பு, தோல் செருப்பு, ஹீல்ஸ் வச்சது, பிரின்சிபால் சாரோட கறுப்பு ஷூ, வாருல நான் ஊக்கு குத்தி வச்சிருந்த என்னோட பழைய ஊதாச் செருப்பு, எல்லாம் ரெண்டு ரெண்டா வரிசை கட்டி லேப் படியில இறங்கி, காலேஜ் கேட்டைத் தாண்டி, மெயின் ரோட்டுல இடது ஓரமா ஒழுங்காப் போயி, ரயில்வே கேட்டு மூடியிருக்கவும் ரயில் போற வரைக்கும் நின்னு, கேட்டு திறக்கவும் மறுபடி நடந்து, ஏழு கிலோமீட்டர் தாண்டி சிறுமணலூர் வந்து, நெசமான புங்கமரத்தடியில, மேலத்தெருவைப் பாத்துக்கிட்டு நின்னுச்சு. எங்க ஊரு டவுன் பஸ் கண்டக்டர் மட்டும் வழியில தலையை நீட்டி, "ஓரமாப் போங்கப்பா"ன்னாராம்.

சொந்தக்காரங்க வெறுங்காலோட தேடி வந்தாங்க. கையில எடுத்துப் பாத்தா வரல, தரையோட ஆணி அடிச்ச மாதிரி நின்னுச்சு. காலை நுழைச்சா நுழைஞ்சுது, ஆனா வந்த வழிக்கு ஒரு இம்மி நகரல. பிரின்சிபால் சார் அரை மணி நேரம் தன் ஷூவுக்குள்ள நின்னு பாத்துட்டு, கால் வலிச்சு, வெறுங்காலோட பஸ் ஏறிப் போனாரு.

ஊரு என்ன செஞ்சுது? ரெண்டு நாள்ல பழகிருச்சு. ஊருக்குப் பழகாதது எது? ஆடுங்க செருப்பு வரிசையை மிதிக்காம ஒதுங்கிப் போகக் கத்துக்கிடுச்சு. எதிர்த்த பெட்டிக்கடை பிரமு அத்தை, வேடிக்கை பாக்க வர்ற கூட்டத்துக்கு நன்னாரி சர்பத் போட ஆரம்பிச்சா, அவ கோழி பிரின்சிபால் ஷூவுக்குள்ள தினம் ஒரு முட்டை வச்சுது, அத்தை அந்த முட்டையை எடுத்துக்கிட்டு எவங்கிட்டயும் மூச்சு விடல. வெறுங்காலோட வர்றவங்களுக்கு விக்க டவுன்லேர்ந்து ஒருத்தன் வண்டி நிறையப் புதுச் செருப்பு கொண்டாந்தான், சாயங்காலத்துக்குள்ள அவன் வண்டியில இருந்ததும் இறங்கி வரிசையில சேந்துக்கிடுச்சு, அவன் தலையில துண்டைப் போட்டுக்கிட்டுப் போனான். பஞ்சாயத்துல "செருப்புகள் நிற்கும் இடம், மெதுவாகச் செல்லவும்"னு போர்டு வச்சாங்க. மழை வந்தா எங்க தெருப் பொம்பளைங்களே ஓடிப்போயித் தார்ப்பாய் போட்டு மூடுனாங்க, பாவம் நனையுதேன்னு. செருப்பு நனையக் கூடாதுன்னு ஓடுன எங்க தெருதான், அதே மழையில உச்சிமாகாளி வெறுங்காலோட வந்து வால்வைத் திறந்துட்டுப் போனதை மாடியில நின்னு பாத்துச்சு.

அவரு பாட்டுக்குத் தினமும் ஆறரைக்கு வந்தாரு. அவரு சைக்கிளை நிறுத்தவும் அத்தனை செருப்பும் அவரு பக்கம் மூக்கைத் திருப்பும். அவரு "கொஞ்சம் ஒதுங்குங்க, நம்மளதையும் வச்சிக்கிடுதேன்"னு சொல்லிட்டு, தன்னோட நீலப்பட்டைச் செருப்பைக் கழத்தி வரிசையோட கடைசியில வைப்பாரு. அவரு வெறுங்காலோட தெருவுக்குள்ள முதல் அடி எடுத்து வைக்கும்போது அத்தனையும் ஒரு அடி முன்னால வந்து நிக்கும். அதுக்கு மேல வராது. அவரு திரும்பி வந்து தன் செருப்பை மட்டும் மாட்டிக்கிட்டு, அது மட்டும் ஒரு வம்பும் பண்ணாம, சைக்கிள்ல ஏறிப் போயிருவாரு.

மாரிச்செல்வி விரலை மடக்கி நாளை எண்ணிக்கிட்டே இருந்தா.

இருபத்தொன்பதாம் தேதிதான் எங்க தெருவுக்குச் சிக்கல் உறைச்சது. மறுநாளு அம்மன் கோயில் கொடைத் திருவிழா, சாமி சப்பரம் புங்கமரத்தைச் சுத்தித்தான் திரும்பணும், அங்க காலு வைக்க எடம் இல்ல. தெருவுல கூட்டம் போட்டாங்க. செருப்புகளைத் தெருவுக்குள்ள விட்டா அந்தக் கடைசி வழியா அது பாட்டுக்குப் போயிரும்னு ஒருத்தர் சொன்னாரு. "ஆளு இல்லாத செருப்புக்கு ஏதுய்யா தீட்டு"ன்னு இன்னொருத்தர் சொன்னாரு. அப்ப எங்கப்பா எந்திரிச்சாரு.

"அதெப்படி? காலேஜுன்னா எல்லாத் தெருப் பிள்ளையளும்தான படிக்கு. நம்ம வகைப் பிள்ளைய செருப்பு மட்டும் தெருவுக்குள்ள போகட்டும். மத்தது குளத்தங்கரை வழியாச் சுத்திப் போகட்டும்."

"செருப்பைப் பாத்து எப்படிண்ணே பிரிக்க?"

"நடையைப் பாத்துச் சொல்லுதவன் செருப்பைப் பாத்துச் சொல்ல மாட்டனா? காலையில வாங்க."

முப்பதாம் தேதி காலையில ஆறு மணிக்கெல்லாம் தெருவே புங்கமரத்தடியில கூடிருச்சு. எங்கப்பா வேட்டியை மடிச்சுக் கட்டி, கையில ஒரு நீளக் கம்போட, வரிசையைப் பாத்துக்கிட்டே நடந்தாரு. கம்பால இடது பக்கம் காட்டுனா செருப்பு இடது பக்கம் போயி நிக்கும், வலது பக்கம் காட்டுனா வலது பக்கம் போயி நிக்கும். அதுக்கு அம்புட்டு மரியாதை. "இது நம்மாளு. இது அந்தப் பக்கம். இது நம்மாளு, மிதியைப் பாத்தாலே தெரியும்." தெரு வாயைப் பொளந்து பாத்துச்சு. என்னோட ஊதாச் செருப்புக்கு முன்னால வந்தாரு. ஊக்கு குத்துன வாரையும் தேஞ்ச குதியையும் பாத்து மூக்கைச் சுளிச்சாரு. "இது கீழத்தெருவேதான். காலை இழுத்து இழுத்து நடக்கிற கழுதை எதுவோ." கம்பு இடது பக்கம் போச்சு. மாரிச்செல்வி என் கையைப் பிடிச்சு நசுக்குனா, அவளுக்குச் சிரிப்பை அடக்க முடியல.

அதுக்குள்ள ஆறரை ஆச்சு. கூட்டத்தைப் பாத்துத் தயங்கி, சைக்கிளை மரத்துக்கு அந்தப் பக்கம் சாத்திட்டு, உச்சிமாகாளி வழக்கம்போலச் செருப்பைக் கழத்திக் கடைசியில வச்சிட்டு ஒதுங்கி நின்னாரு. எங்கப்பா வரிசை முடிவுக்கு வந்து குனிஞ்சாரு. நீலப்பட்டை பளிச்சுன்னு இருந்துச்சு. கம்பு நுனியால புரட்டி அடியைப் பாத்தாரு. பூப்போட்ட அச்சு ஒண்ணு கூட அழியாம இருந்துச்சு.

"பாருங்கவே," ன்னு எங்கப்பா கூட்டத்தைப் பாத்துச் சொன்னாரு, "ஏழு தலைமுறை மண்ணுல கால் படாம வளந்த வீட்டுப் பிள்ளை செருப்பு. மிதியே அலுங்கல. இதை முன்னால விடுங்க."

அப்படி ஒரு மரியாதை அந்தச் செருப்புக்கு. வலது பக்கத்துல முதல் ஆளா நின்னுச்சு. எங்கப்பா கம்பைத் தூக்கி "ம், போகலாம்"னாரு. நீலப்பட்டைச் செருப்பு முன்னால நடக்க, நூத்துச் சொச்சம் ஜோடி பின்னால நடக்க, மேலத்தெருப் பொம்பளைங்க வாசல்ல தண்ணி தெளிச்சுக் கோலம் போட்ட தெருவுல, தாளம் தப்பாமப் போச்சு. கொடைக்கு வந்த மேளக்காரங்க என்ன ஏதுன்னு தெரியாம ஒரு தட்டுத் தட்டுனாங்க. செருப்புங்க வால்வு பக்கம் போனதும் நின்னுருச்சு. அதுக்கு மேல போகல.

"என்ன நின்னுட்டு?"ன்னு எங்கப்பா கேட்டாரு. "முன்னால நிக்கிற செருப்பு யாரோடது? வந்து எடுக்கச் சொல்லுங்க."

"எங்கப்பாவோடது," ன்னா மாரிச்செல்வி. சத்தமாச் சொல்லல, ஆனா மரத்தடியில இருந்த அத்தனை பேருக்கும் கேட்டுச்சு. "நீங்கதான முன்னால விடச் சொன்னீங்க."

எங்கப்பா மொகம் சுருங்கிப்போச்சு. கம்பைக் கீழ இறக்கி, "உச்சி, போயி அதைக் கையில எடுத்துட்டு வா"ன்னாரு.

"வால்வும் திறக்கணும்லா ஐயா. போறேன்."

வெறுங்காலோட அந்த முன்னூறு அடியைக் கடைசித் தடவையா நடந்தாரு. உக்காந்து வால்வைத் திருகுனாரு. குழாய்க்குள்ள தண்ணி ஏறுற சத்தம் தெரு முழுக்க ஓடுச்சு. எந்திரிச்சு, குனிஞ்சு, செருப்பைக் கையில எடுத்துப் பாத்தாரு. அது வரல.

"கையில வரமாட்டேங்கு ஐயா," ன்னு அங்கேருந்தே சத்தம் போட்டாரு.

"அப்பச் சரி, அங்கனயே விட்டுட்டு வா."

உச்சிமாகாளி நிமிந்தாரு. மாரிச்செல்வி என் கையை விட்டுட்டு ரெண்டு கையாலயும் வாயைப் பொத்திக்கிட்டா. அவரு எங்கப்பாவைப் பாத்தாரு, மரத்தைப் பாத்தாரு, மகளைப் பாத்தாரு.

"இருபத்தாறு வருஷமா விட்டுட்டுத்தான ஐயா வந்தேன்," ன்னாரு.

இடது காலை நுழைச்சாரு. வலது காலை நுழைச்சாரு. செருப்பு நகந்துச்சு. அவரு திரும்பி மரத்தடிக்கு வரல, இதுவரைக்கும் போகாத பக்கமா, பஸ் ஸ்டாப்பைப் பாத்து நடந்தாரு, பட் பட்னு ரப்பர் செருப்புச் சத்தம் எங்க கேட்டைத் தாண்டிச்சு, கடைசி வீட்டையும் தாண்டிச்சு, அவரு பின்னால நூத்துச் சொச்சம் ஜோடியும் நடந்துச்சு, அதைப் பாத்து எங்கப்பா ஒதுக்கி வச்ச இடது பக்கத்துச் செருப்புக் கூட்டமும், யாரும் போன்னு சொல்லாமலே, திபுதிபுன்னு தெருவுக்குள்ள ஓடுச்சு. மாரிச்செல்வி காலுல செருப்போடயே ஓடுனா. "எப்பா, மெதுவா, எப்பா"ன்னு கூப்பிட்டுக்கிட்டே ஓடுனா. சிரிச்சாளா அழுதாளான்னு அவளுக்கே தெரியாது. எனக்கும் சந்தோசம் தாங்கல. வெறுங்காலோட விரட்டிப் போயி, ஓட்டத்துலயே என் ஊதாச் செருப்பை மாட்டுனேன்.

"ஏட்டி வடிவு," ன்னு பின்னால எங்கப்பா குரல் கேட்டுச்சு, "அது ஒன் செருப்பா?"

"ஆமாப்பா. நீங்க கீழத்தெருன்னு தள்ளுனது."

அன்னையிலேர்ந்து எங்கப்பா யாரு நடையைப் பாத்தும் ஒண்ணும் சொல்றதில்ல. கேட்டா, கண்ணு சரியில்லம்பாரு. மறுநாளு சாயங்காலத்துக்குள்ள எல்லாச் செருப்பும் சொந்தக்காரங்க காலுக்குப் போயிருச்சு, பிரின்சிபால் சார் மட்டும் ஷூவுல முட்டை வாடை அடிக்குதுன்னு புலம்புனாரு. எங்க தெருவுல ரெண்டு வீட்டுக்காரங்க இன்னும் எங்ககூடப் பேசுறதில்ல, பேசாட்டிப் போகட்டும், பின்னால பேசுனாலும் பேசட்டும், ஊர் வாயை மூட உலைமூடியா இருக்கு? புதுசா வந்த டேங்க் ஆபரேட்டர் அக்காவுக்குப் புங்கமரம் எதுக்குன்னே தெரியாது. வந்த முதல் நாளே செருப்பும் சைக்கிளுமா வால்வு வரைக்கும் வந்துட்டா.

ரிட்டயர் ஆன மனுசனுக்கு எங்க தெருவுல ஒரு சோலியும் கிடையாது. ஆனாலும் தினமும் காலையில ஒரு நடை, சாயங்காலம் ஒரு நடை, பஸ் ஸ்டாப்புல டீ குடிக்கப் போறேன்னு மேலத்தெரு வழியாத்தான் போனாரு, வந்தாரு. நானும் இப்ப மாடியில நின்னு கத்துறதில்ல, கீழ இறங்கி வந்து, மாரிச்செல்வி கூப்பிடுற மாதிரியே "வாங்கப்பா"ங்கிறேன். அடுத்த கொடை வந்தப்ப ஒரு நாள் காலையில எங்க கேட்டுக்கு முன்னால நின்னு, வலது செருப்பைக் கழத்திக் கையில தூக்கிக் காட்டுனாரு. குதி தேஞ்சு, பூ அச்சு அழிஞ்சு, நடுவுல ஒரு ரூவா அகலத்துக்கு ஓட்டை விழுந்திருந்துச்சு.

"தேஞ்சுட்டு தாயி," ன்னாரு, பேரப்பிள்ளை பிறந்த சேதி சொல்ற மாதிரி. "புதுசு வாங்கணும்."

வாசல்ல சேர் போட்டு உக்காந்திருந்த எங்கப்பா அந்த ஓட்டையை ரொம்ப நேரம் பாத்துக்கிட்டே இருந்தாரு. அவரு வித்தையெல்லாம் போயிருச்சுதான், ஆனா அந்தச் செருப்பு எந்தத் தெருவுல நடந்து தேஞ்சதுன்னு அவருக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கல. எங்க தெருவுலதான்.